அச்சேறிய தெய்வங்கள்

கிரேக்கப் புராணத்துப் பாரிஸின் தீர்ப்பை இத்தாலிய ஓவியர் ரஃபேல் வரைந்தார். அம்மூலச் சித்திரம் மறைந்துபோயிற்று. அதனைப் பார்த்து மார்க்கன்டோனியோ செதுக்கிய அச்சுப்படம் நிலைத்தது. 1863-இல் பிரெஞ்சு ஓவியர் மானே தம் புகழ்பெற்ற ஓவியமொன்றுக்கு அதிலிருந்தே உருவமைதி கொண்டார்.

அச்சின் இவ்வாற்றல் நம் நாட்டிலும் விளங்கிற்று. திருவிதாங்கூரிற் பிறந்த ரவி வர்மா, ஐரோப்பிய எண்ணெய் வண்ண முறையில் நம் புராணங்களைத் தீட்டியவர். 1894-இல் பம்பாயில் அவர் நிறுவிய கல்லச்சுக்கூடத்தினின்று இலக்குமியும் சரசுவதியும் வண்ணப்படங்களாக எளிய இல்லங்களை அடைந்தனர்.

அவர் பிறந்த திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்டோருக்குக் கோயிற் கதவு திறந்தது 1936-இல்தான். கலைத்தரம் குன்றிற்று என்று அப்படங்களைக் குறைகூறுவோர் உண்டு. ஆயினும், வாயிலில் நிறுத்தப்பட்டோரும் தம் வீட்டிலேயே தெய்வத்தை எதிர்நின்று காண வழி திறந்தது அவ்வச்சே.