கைரா உழவரும் எருமைப்பாலும்

இந்தியாவின் மேற்கே, இக்காலக் குசராத் மாநிலத்திலே, முன்னாளில் கைரா எனப்பட்ட மாவட்டம் எருமை வளர்ப்பிற் பெயர்பெற்றது. ஆயினும், பால் பெருகிய அம்மாவட்டத்திலே அதனைக் கறந்த உழவரின் வறுமை நீங்கவில்லை.

அதற்குப் பாலின் இயல்பும் ஒரு காரணமாகும். நெல்லைக் குதிரிற் சேர்த்து நல்ல விலை வரும்வரை காத்திருக்கலாம். பாலோ சில மணி நேரத்திற் கெட்டுவிடும். விற்பவன் காத்திருக்க இயலாதவிடத்து வாங்குபவனே விலையை வகுக்கின்றான்.

1945ஆம் ஆண்டிலே பம்பாய் நகருக்குப் பால் வழங்கும் திட்டமொன்றை அரசாங்கம் தொடங்கிற்று. ஆனந்த் என்னும் ஊரிலே பாலைப் பதப்படுத்தி, 400 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தொலைவுக்குப் புகைவண்டியில் அனுப்பினர். அப்பாலைக் கொள்ளும் உரிமை போல்சன் என்னும் ஒரே நிறுவனத்திடம் இருந்தது. இடைத்தரகர் கைமாறிய பின்னர் உழவரை அடைந்தது விலையிற் சிறு பகுதியே.

உழவர்கள் வல்லபாய் பட்டேலிடம் முறையிட்டனர். சங்கம் அமைத்துத் தாமே பாலை விற்குமாறும், அரசாங்கம் மறுப்பின் பால் கொடாது நிறுத்துமாறும் அவர் அறிவுரை கூறினார். 1946 சனவரி 4ஆம் நாள் சமர்க்கா என்னும் கிராமத்திலே, மொரார்ஜி தேசாய் முன்னிலையில் இம்முடிவு உறுதிபெற்றது. அரசாங்கம் இணங்கவில்லை. 15 நாட்கள் கைராவிலிருந்து பம்பாய்க்குப் பால் செல்லவில்லை. அன்றன்று கறந்த பாலைக்கொண்டே அடுப்பெரித்த குடும்பங்களுக்கு இஃது எளிதான செயலன்று. இறுதியில் அரசாங்கம் இணங்கியது. அவ்வாண்டு டிசெம்பர் 14ஆம் நாள் திரிபுவன்தாஸ் பட்டேல் தலைமையிலான கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. பின்னாளிலே அமுல் என்னும் பெயரால் உலகறிந்த நிறுவனம் இதுவே.

எனினும் இடர் முற்றும் தீரவில்லை. எருமை குளிர்காலத்தில் மிகுதியாகக் கறக்கும், கோடையிற் குறையும். பம்பாயின் தேவையோ பருவத்திற்கேற்ப அவ்வாறு ஏறி இறங்குவதன்று. குளிர்காலத்தில் எஞ்சிய பாலை மாவாக்கினாலன்றி உழவருக்கு உய்வில்லை. மேனாட்டிலே பசும்பாலே பால்மாவுக்குப் பயன்பட்டது. கொழுப்பு மிகுந்த எருமைப்பால் அதற்கு உதவாது என்பது வல்லுநர் பலரின் கருத்து. 1949இல் ஆனந்துக்கு வந்த வர்கீஸ் குரியனின் நண்பர் எச். எம். தலாயா அக்கருத்தை ஏற்கவில்லை. அவர் சோதனைகள் செய்து, எருமைப்பாலையும் மாவாக்கலாமென நிறுவினார்.

புதிய ஆலைக்கு ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியமும், கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசீலந்து அரசாங்கமும் உதவின. 1955 ஒக்டோபர் 31ஆம் நாள் பிரதமர் நேரு அதனைத் திறந்துவைத்தார். அந்நாள், 1950இல் மறைந்த வல்லபாய் பட்டேலின் பிறந்தநாளாகும்.

ஒற்றுமை உழவருக்கு நியாய விலையைப் பெற்றுத் தந்தது. அவ்விலை ஆண்டு முழுதும் நிலைக்க அறிவியல் துணைநின்றது. குதிரில் இட்ட நெல்லைப்போல, பாலும் அன்றுமுதல் காத்திருக்கலாயிற்று.