வகுப்பறைத் தொழில்நுட்ப வளத் தேர்வில் மொழியின் இடம்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

கற்பித்தலுக்குத் துணைபுரியும் தொழில்நுட்ப வளங்களைத் தேர்ந்தெடுப்பது பொதுவாகக் கல்வியியலாரின் பணியாகவே கருதப்பட்டு வந்துள்ளது. கருவியின் விலை, பாடத்திட்டப் பொருத்தம், மாணவரின் வயது ஆகியவை அளவுகோல்களாக முன்வைக்கப்படுகின்றன. அவ்வளம் எம்மொழியில் உள்ளது, அம்மொழியின் எவ்வழக்கில் உள்ளது, அதனை மொழிபெயர்க்க ஆசிரியருக்கு உரிமை உண்டா என்னும் வினாக்கள் பெரும்பாலும் தேர்வு முடிந்த பின்னரே எழுப்பப்படுகின்றன. இந்தியாவில் 1961 தொடங்கி நடைபெற்ற சில பெருமுயற்சிகளை இக்கோணத்தில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஒரு படம், இரண்டு ஒலிகள்

ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியுடன் 1961இல் தில்லியில் பள்ளித் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கப்பட்டது. அது ஒரு நகர எல்லைக்குள், ஒரே பாடத்திட்டத்தைப் பின்பற்றிய பள்ளிகளுக்கு உரியதாக இருந்ததால் மொழிச்சிக்கல் பெரிதாக எழவில்லை. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடைபெற்ற செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையே (சைட்) இச்சிக்கலை முழு அளவில் வெளிக்கொணர்ந்தது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக ஆந்திரப் பிரதேசம், ஒரிசா, கருநாடகம், பீகார், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பப்பட்டன. காலைப்பொழுது பள்ளிச் சிறுவர்க்கு ஒதுக்கப்பட்டது. இந்தி, ஒரியா, கன்னடம், தெலுங்கு ஆகிய நான்கு மொழிகள் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பகிர்ந்துகொண்டன. எனவே ஒரு மொழிக்குக் கிடைத்தது அரைமணிக்கும் குறைவான நேரமேயாகும்.

அச்செயற்கைக்கோள் ஒரு படத்துடன் இரண்டு ஒலித்தடங்களை அனுப்பவல்லது. மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி இதுவாகும். ஒரே படத்திற்கு இரு மொழிகளில் உரை அமைக்கும்பொழுது படத்தின் கால அளவு மாறுவதில்லை. ஆனால் ஒரே கருத்தைக் கூறத் தேவைப்படும் அசைகளின் எண்ணிக்கை மொழிக்கு மொழி மாறும். இதனால் ஒன்று உரையைச் சுருக்க வேண்டும், அல்லது படத்தைத் தொடக்கத்திலேயே இரு மொழிகளுக்கும் இடந்தருமாறு திட்டமிட வேண்டும். பின்னதைச் செய்வதற்கு மொழி பற்றிய முடிவு படப்பிடிப்புக்கு முன்னரே எடுக்கப்பட்டிருத்தல் இன்றியமையாதது.

மற்றொரு சிக்கல் மொழிப்பெயருக்குள்ளேயே மறைந்திருந்தது. 'இந்தி' என்னும் ஒரே தலைப்பின் கீழ் மூன்று மாநிலங்கள் அடக்கப்பட்டன. இவற்றுள் வட பீகாரின் வீட்டுமொழிகளுள் மைதிலி ஒன்று. ராய்ப்பூர், பிலாஸ்பூர் வட்டாரங்களில் வழங்குவது சத்தீஸ்கடி. பள்ளியில் புதிதாகச் சேர்ந்த சிறுவனுக்குப் பொது இந்தி கற்கப்பட வேண்டிய மொழியே அன்றிப் பழகிய மொழியன்று. மைதிலி 2003ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தின் வழியாகவே எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றது என்பதை நோக்க, ஆட்சிமுறையில் பெயர்பெறாத மொழி வளத்தேர்விலும் பெயர்பெறுவதில்லை என்பது தெளிவாகும்.

2. இறக்குமதியான வளங்கள்

1984 இரு முயற்சிகளைக் கண்ட ஆண்டாகும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 'நாடு தழுவிய வகுப்பறை' அவ்வாண்டு ஆகஸ்டு 15இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. தொடக்கக் காலத்தில் வெளிநாட்டு நிகழ்ச்சிகளை அது பெரிதும் சார்ந்திருந்தது. அதன் முதன்மை மொழி ஆங்கிலமாக அமைந்தது. சிற்றூர்க் கல்லூரி மாணவரைச் சென்றடைவதே நோக்கம் என அறிவிக்கப்பட்டிருந்தும், தாய்மொழி வழியில் பட்டப்படிப்பு பயின்றோர்க்கு அம்மொழித்தேர்வே முதல் தடையாயிற்று.

பள்ளிகளில் கணிப்பொறி எழுத்தறிவைப் பரப்பும் 'கிளாஸ்' திட்டமும் 1984-85இல் சுமார் 250 பள்ளிகளில் தொடங்கியது. இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பி.பி.சி. மைக்ரோ, பிரிட்டிஷ் பள்ளிகளுக்கென வடிவமைக்கப்பட்ட 32 கிலோபைட் நினைவகம் கொண்ட பொறியாகும். அதனுடன் வந்த எழுத்துரு உரோமானிய எழுத்துக்கே உரியது. பாட மென்பொருள்களும் ஆங்கிலத்திலேயே அமைந்திருந்தன. இந்திய எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டுத் தரம் (இஸ்கி) இந்தியத் தர நிறுவனத்தால் ஏற்கப்பட்டது 1991இல்தான். ஆகவே கருவி முதலிலும், எழுத்து அதற்குப் பின்னும், பாடப்பொருள் இறுதியிலும் என்னும் தலைகீழ் வரிசையில் தேர்வு நிகழ்ந்தது எனலாம்.

3. மொழிபெயர்க்கும் உரிமை

இவ்வரிசையை மாற்றியமைத்த முயற்சியாகக் கேரளத்தின் 'ஐ.டி. @ ஸ்கூல்' திட்டம் குறிப்பிடத்தக்கது. 2001இல் தொடங்கப்பட்ட இத்திட்டம், பின்னர்க் கட்டற்ற மென்பொருளைப் பள்ளிக் கணினிகளுக்கு உரியதாக ஏற்றது. செலவு குறைந்தது என்பது இத்தேர்வின் ஒரு பயனே. மூலநிரலும் உரிமமும் திறந்திருந்தமையால், திரையில் தோன்றும் கட்டளைச் சொற்களை மலையாளத்தில் பெயர்ப்பதற்கு எவரிடமும் இசைவு கோர வேண்டியதில்லை. எந்த மென்பொருள் வகுப்பறைக்குத் தேவை, அதில் எது திருத்தப்பட வேண்டும் என்பதில் ஆசிரியர்களுக்குப் பங்கு கிடைத்தது. 2017இல் இத்திட்டம் 'கைட்' என்னும் நிறுவனமாக உருப்பெற்றது.

தேசிய அளவில் 2013இல் தொடங்கப்பட்ட திறந்தநிலைக் கல்வி வளங்களுக்கான தேசியக் களஞ்சியம் இக்கொள்கையை உரிமத்தின் வாயிலாக ஏற்றது. மூல ஆக்கியோனைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் வெளியிடும் வரை, ஒரு வளத்தை மாற்றவும் மொழிபெயர்க்கவும் அவ்வுரிமம் இடந்தருகிறது. உரிமம் என்பது சட்டநுணுக்கம் மட்டுமன்று. மொழிபெயர்ப்பாளர்க்கு அது வாயிற்கதவாகும். பார்க்க இலவசமாகவும் மாற்றத் தடையாகவும் உள்ள ஒரு படக்காட்சி, அதன் மூலமொழி அறியாத வகுப்பறைக்குப் பயன்படாது.

4. கலைச்சொல் பொருத்தம்

2017இல் தொடங்கப்பட்ட 'தீக்ஷா' தளம், பாடநூலில் அச்சிடப்பட்ட விரைவுக் குறியீட்டின் வழியாக அந்தந்தப் பாடத்திற்குரிய வளத்துடன் மாணவரை இணைத்தது. பாடநூலையே நுழைவாயிலாகக் கொண்டமையால் பாடநூலின் மொழி வளத்தின் மொழியை நெறிப்படுத்தும் வாய்ப்பு உண்டாயிற்று. ஆயினும் மொழி ஒன்றாக இருந்தால் போதாது; கலைச்சொல்லும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

தாவரம் ஒளியைக் கொண்டு உணவு ஆக்கும் நிகழ்வை இந்தியில் 'பிரகாஷ் சம்ஷ்லேஷண்' என்பர். மலையாளம் 'பிரகாச சம்ச்லேஷணம்' என்றும், கன்னடம் 'த்யுதி சம்ச்லேஷணெ' என்றும் வழங்குகின்றன. தெலுங்குப் பாடநூல் வழங்குவதோ 'கிரணஜன்ய சம்யோகக்கிரிய' என்பதாகும். தமிழில் அது 'ஒளிச்சேர்க்கை'. இந்திப் படக்காட்சியைத் தெலுங்கில் பெயர்ப்பவர், இந்திச் சொல்லும் வடமொழி வேரினதே என்று கருதி அதனையே எழுத்துப் பெயர்ப்புச் செய்தால், இலக்கணப்படி பிழை நேராது. எனினும் மாணவன் திரையில் கேட்கும் சொல்லைத் தன் நூலில் காணமாட்டான். இயந்திர மொழிபெயர்ப்பு பரவலாகும் காலத்தில் இத்தகைய பிழைகள் பெருக இடமுண்டு. ஒவ்வொரு மாநிலப் பாடநூலின் கலைச்சொற்பட்டியும் மொழிபெயர்ப்பிற்கு முன்னரே மொழிபெயர்ப்பாளர் கையில் இருத்தல் வேண்டும்.

5. 2020இன் படிப்பினை

பெருந்தொற்றினால் 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபொழுது, வகுப்புக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தொலைக்காட்சி அலைவரிசைகள் மைய அரசால் ஒதுக்கப்பட்டன. ஒரு வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்பது எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுக்கு ஈடுகொடுக்க இயலாத ஏற்பாடாகும். 2022-23ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், மாநிலங்கள் தத்தம் மொழிகளில் கற்பிக்க ஏதுவாக இவ்வெண்ணிக்கை 200ஆக உயர்த்தப்படும் என அறிவிக்கப்பட்டது. சைட் சோதனையில் நான்கு மொழிகள் ஒன்றரை மணி நேரத்தைப் பங்கிட்டுக்கொண்ட அதே சிக்கல், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் மீண்டும் எழுந்தது. இடைப்பட்ட காலத்தில் கருவிகள் பலமுறை மாறின. மொழியைப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் மாறவில்லை.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, வளத்தைத் தேர்வதற்கு முன் கேட்கத்தக்க வினாக்கள் நான்கைத் தொகுக்கலாம். மாணவன் வீட்டில் பேசும் மொழிக்கும் வளத்தின் மொழிக்கும் உள்ள தொலைவு யாது? அக்கருவி அம்மொழியின் எழுத்தைப் பிழையின்றிக் காட்டுமா? வளத்தை மாற்றவும் மொழிபெயர்க்கவும் உரிமம் இடந்தருகிறதா? அதன் கலைச்சொற்கள் மாணவன் கையிலுள்ள பாடநூலோடு ஒத்துள்ளனவா? இந்நான்கிற்கும் விடைகூற வல்லவர்கள் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் வகுப்பறை ஆசிரியரும் ஆவர். தேர்வு முடிந்த பின் உரையைப் பெயர்த்துத் தருமாறு அழைக்கப்படும் நிலையிலிருந்து, தேர்வுக் குழுவிலேயே இடம்பெறும் நிலைக்கு அவர்கள் உயர்த்தப்பட வேண்டும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, இயன்ற இடங்களிலெல்லாம் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டுமொழியில் அல்லது தாய்மொழியில் கற்பிக்கப் பரிந்துரைத்துள்ள நிலையில், இம்மாற்றம் காலத்தின் தேவையாகும். அது நிகழாதவரை, ராய்ப்பூர்ச் சிற்றூரில் 1975இல் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த சிறுவனின் நிலையே, கருவி மட்டும் புதிதாக, இன்றைய மாணவனுக்கும் தொடரும்.