விரட்டப்பட்ட மழைநீர்

கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில், 1857-ஆம் ஆண்டில் ஈயந்தேடி வந்தோர் இறங்கிய துறையே கோலாலம்பூர். சேற்றுக் கூடல் என்பது அப்பெயரின் பொருள். சேற்றின் பெயரோடு பிறந்த இவ்வூரின் ஆறுகள் பிற்காலத்தில் சாக்கடையானது எங்ஙனம்? நாம் அறிய வேண்டிய வரலாறு அது.

முதற் கேடு ஈயத்தால் வந்தது. மண்ணை நீரால் கரைத்து ஈயத்தைப் பிரித்தபின், எஞ்சிய மணல் ஆற்றில் சேர்ந்தது. படுகை மேடிட்டது, வெள்ளம் கரை புரண்டது. எங்கள் ரவாங்கிற்கு வடக்கேயுள்ள கோலகுபு இதற்குச் சான்று. சிலாங்கூர் ஆறு தூர்ந்து வெள்ளம் ஓயாமற் புகவே, 1930-ஆம் ஆண்டை ஒட்டி மேட்டு நிலத்தில் கோலகுபு பாரு என்னும் புதிய ஊரையே அமைக்க நேர்ந்தது.

கோலாலம்பூரையும் 1926-இல் பெருவெள்ளம் சூழ்ந்தது. பொறியாளர் ஆற்றை நேராக்கிக் கரை கட்டினர். மழைநீரை விரைந்து விரட்டினால் ஊர் பிழைக்கும் என்பது அந்நாளைய கொள்கை. ஆயின், ஊர் வளர வளரக் கூரையும் சாலையும் மண்ணை மூடின. 1971 ஜனவரியில் நகரம் மீண்டும் மூழ்கியது.

வெள்ளமேனும் வடிந்துவிடும், அழுக்கு வடிவதில்லை. மழையின் முதற் சில நிமிடங்கள் சாலையின் எண்ணெயையும் தூசியையும் குப்பையையும் கழுவிச் செல்கின்றன. அந்நீர் மண்ணில் ஊறினால் அழுக்கின் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். சிமெந்துக் கால்வாயோ அதனை அப்படியே ஆற்றில் கொட்டுகிறது.

இவ்வுண்மையை அரசாங்கம் உணர்ந்ததன் பயனே 2001-இல் நடைமுறைக்கு வந்த வடிகால் கையேடு. மழை விழுந்த இடத்திலேயே நீரைத் தேக்கி, வடித்து, மெல்ல விடவேண்டும் என்பது அதன் சாரம். ஜிஞ்சாங் வட்டாரத்துப் பழைய ஈயக்குட்டைகள் வெள்ளநீர் தாங்கும் ஏரிகளாயின. 2007-இல் திறந்த 9.7 கிலோமீட்டர் சுரங்கவழி வெள்ளத்தை நகருக்கு அடியிற் கடத்துகிறது. அடுத்து வந்த ‘வாழ்வு நதி’த் திட்டம் 110 கிலோமீட்டர் ஆற்றைத் தூய்மை செய்ய முனைந்தது. எனினும், கரை பெற்ற அழகை நீர் இன்னும் பெறவில்லை.

தேக்கி விடும் இக்கலை நமக்குப் புதிதன்று. இரப்பர்த் தோட்டச் சரிவுகளில், நிரைகளுக்கு இடையே குழி வெட்டி, மழைநீரையும் மண்ணையும் நிறுத்தியவர் நம் பாட்டன்மார். வெறும் நிலத்தில் படர்கொடி வளர்த்து மண்ணைக் காத்ததும் அவர்தம் கைகளே. கூலிக்குச் செய்த வேலைதான். ஆயினும் நகரம் நூறாண்டு கழித்துக் கற்ற பாடம் அதில் இருந்தது.

இன்று அத்தோட்டங்களில் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அவற்றில் வாழும் நாம், ஓர் ஈயக்குட்டையைத் தூர்க்குமுன்னும், முற்றம் முழுவதும் சிமெந்து பூசுமுன்னும், இங்கு விழும் மழை எங்கே போகும் என்று ஒருமுறை கேட்போமாக. ஆற்றைக் காக்கும் வேலை நம் வாசலிலேயே தொடங்குகிறது.