குந்தவைப் பிராட்டியார்

குந்தவைப் பிராட்டியார் சோழ மன்னன் சுந்தர சோழனின் மகளும், முதலாம் இராசராச சோழனின் (ஆட்சிக் காலம் 985-1014) தமக்கையும் ஆவார். இவருடைய கணவர் வல்லவரையர் வந்தியதேவர். எந்த ஆட்சிப் பதவியையும் வகிக்காத இவர் அரசில் பெற்றிருந்த செல்வாக்கைக் கல்வெட்டுகளிலிருந்து அறியலாம்.

அரசில் இவரது இடம்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு வழங்கப்பட்ட கொடைகளைக் கல்லில் வெட்டுமாறு இராசராசன் ஆணையிட்டான். அவ்வாணை மன்னனின் கொடைகளை முதலிலும், தமக்கையின் கொடைகளை அடுத்தும், அரசியரின் கொடைகளை அதன் பின்னரும் குறிப்பிடுகிறது. அரசியருக்கு முன்னதாகத் தமக்கை வைக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கதாகும்.

கொடைகள்

குந்தவை தஞ்சைக் கோயிலில் தம் தந்தை, தாய் ஆகியோரின் படிமங்களை எழுந்தருளுவித்தார். ஊர்ச் சபைகளிடம் பணத்தை முதலாக வைத்து, அதன் வட்டியிலிருந்து வழிபாட்டுச் செலவுகள் நடைபெற ஏற்பாடு செய்தார். தஞ்சையில் தந்தையின் பெயரால் அமைந்த ஆதுலர் சாலைக்கு (மருத்துவமனை) நிலக்கொடை அளித்தார். திண்டிவனம் அருகேயுள்ள தாதாபுரத்தில் சிவன் கோயில், திருமால் கோயில், சமணக் கோயில் ஆகிய மூன்றையும் எடுப்பித்தார்.

திருமலைச் சமணக் கோயில்

திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகேயுள்ள திருமலையில் இவர் பெயரால் அமைந்த குந்தவை சினாலயம் உள்ளது. அங்குள்ள முதலாம் இராசேந்திரனின் கல்வெட்டு அவனது கங்கைப் படையெடுப்பை விவரிக்கிறது. வணிகர் ஒருவரின் மனைவியான சாமுண்டப்பை இக்கோயிலுக்கு விளக்கெரிக்கவும் திருவமுது படைக்கவும் காசு வழங்கியதையும் அதே கல்வெட்டு பதிவு செய்துள்ளது. சைவ அரச குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பெண் எழுப்பிய கோயிலைச் சமண மக்கள் தம்முடையதாகக் கொண்டு பேணியமைக்கு இது சான்றாகும்.

ஒப்பீடு

உடன்பிறந்த பெண்கள் அரசியலில் செல்வாக்குப் பெற்றமைக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டாகச் சீனத்தின் சூங் சகோதரிகள் கூறப்படுகின்றனர். சூங் சிங்லிங் சுன் யாட் சென்னையும், சூங் மெய்லிங் சியாங் கை செக்கையும், மூத்தவரான சூங் ஐலிங் நிதியமைச்சராக விளங்கிய குங் சியாங்சியையும் மணந்தனர். அவர்களின் செல்வாக்கு பெரிதும் திருமண உறவின் வழியே தொடங்கியது. குந்தவையின் செல்வாக்கோ பிறந்த குடியின் வழியே வந்தது. கல்வெட்டுகள் இவரைக் கணவரின் பெயரோடு குறித்தபோதும், மன்னனின் தமக்கை என்பதை முதன்மையாகக் கூறுகின்றன.

புதினத்தில்

கல்கி எழுதிய பொன்னியின் செல்வன் புதினம் (1950-1954) குந்தவையை அரசியல் சூழ்ச்சிகளை முறியடிக்கும் மதியூகியாகக் காட்டுகிறது. அப்புதினத்தின் உரையாடல்களும் காதல் நிகழ்ச்சிகளும் கற்பனையே. கல்வெட்டுகள் காட்டும் குந்தவை, தம் சொத்தைத் தாமே ஆண்டு, அறங்களை நிறுவிய பெண்மணி ஆவார்.