ஹெந்தளையும் கொழும்பும்: உள்ளூராட்சியில் நகர – கிராம முரண்பாடு

ஹெந்தளை, களனி கங்கை கடலில் கலக்கும் இடத்துக்கு வடக்கே, கம்பஹா மாவட்டத்தின் வத்தளைப் பகுதியில் உள்ள ஊர். ஆற்றின் தென்கரையில் இருப்பது மட்டக்குளி; கொழும்பு மாநகர சபையின் எல்லை அங்கே முடிகிறது. வடகரையில் வத்தளை, மாபொல நகரங்களுக்குத் தனி நகர சபை உண்டு. அவற்றை ஒட்டியிருக்கும் ஹெந்தளையோ வத்தளைப் பிரதேச சபைக்கு உட்பட்டது. கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் காணி விலையும் வாடகையும் ஏற ஏற, ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களில் பலருக்கு வேலையும் பிள்ளைகளின் பாடசாலையும் இன்னும் கொழும்பில்தான். வாக்கு மட்டும் பிரதேச சபைக்கு.

மதிலோடு மதிலாக வீடுகள் நெருங்கி நிற்கும் இந்த ஊர் அரச கணக்கில் கிராமம். மாநகர சபை, நகர சபை எல்லைகளுக்குள் வாழ்வோரையே இலங்கையின் குடிசன மதிப்பீடு நகரவாசிகளாகக் கொள்கிறது. பிரதேச சபைக்குள் இருப்போர் கிராமத்தவர், அல்லது தோட்டத்தவர். 1981இல் நாட்டின் நகரச் சனத்தொகை 21.5 வீதம், 2012இல் 18.2 வீதம். இடைப்பட்ட காலத்தில் மக்கள் நகரங்களை விட்டு வயலுக்குத் திரும்பிவிடவில்லை. நகரமாக எண்ணப்பட்டு வந்த பட்டின சபைகள் ஒழிக்கப்பட்டதே இந்த வீழ்ச்சிக்கு முக்கிய காரணம். 2012 கணக்கில் கம்பஹா மாவட்டத்தில் நகரவாசிகள் ஏறத்தாழ 15.6 வீதம் மட்டுமே. கொழும்பின் அலுவலகங்களையும் கடைகளையும் நாள்தோறும் நிரப்பும் மாவட்டம் அது. 2024 குடிசன மதிப்பீட்டில் அது கொழும்பையும் முந்தி, 24 இலட்சத்துக்கும் அதிகமானோருடன் நாட்டிலேயே மக்கள்தொகை கூடிய மாவட்டமானது.

இந்தப் பிரிவினையின் வேர் ஆங்கிலேயர் ஆட்சியில் இருக்கிறது. 1865ஆம் ஆண்டுச் சட்டம் கொழும்புக்கு மாநகர சபையைத் தந்தது. கிராமங்களுக்கு 1871இல் வேறொரு சட்டம் வந்தது. நீர்ப்பாசனம், வேலி, கால்நடை போன்ற விடயங்களைப் பார்த்துக்கொள்ளும் கிராமச் சபைகளை அது மீட்டெடுத்தது. வரி வசூலித்துத் தெரு, விளக்கு, வடிகால் அமைக்கும் அதிகாரம் நகரத்துக்கு; வாய்க்கால் தகராற்றைத் தீர்க்கும் அதிகாரம் கிராமத்துக்கு. பின்னர் நகர சபைச் சட்டம் 1939இலும், பட்டின சபைச் சட்டம் 1946இலும், மாநகர சபைச் சட்டம் 1947இலும் வந்தன. ஒவ்வொன்றும் இந்தப் படிவரிசையை உறுதிப்படுத்தியதே தவிர மாற்றவில்லை.

கிராமத்துக்குள்ளும் எல்லோரும் ஒன்றாக நடத்தப்படவில்லை. 1930களின் இறுதியில் கிராமக் குழுத் தேர்தல்களில் தோட்டத் தொழிலாளருக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கழித்து வந்த 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்திலும் அந்த மனப்பான்மையின் சாயல் ஒட்டிக்கொண்டது. அதன் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாகக் கொள்ளப்பட்டது. மலையகத் தமிழர் பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள், உறுப்பினர்களாகவும் வந்தார்கள். ஆனால் தங்கள் லயத்துக்குப் போகும் பாதையைச் சபைப் பணத்தில் செப்பனிட முடியவில்லை. 2018இல் சட்டம் திருத்தப்படும்வரை அந்த அநீதி நீடித்தது.

1980இல் கிராம சபைகளும் பட்டின சபைகளும் கலைக்கப்பட்டு மாவட்ட அபிவிருத்தி சபைகள் உருவாயின. பல ஊர்கள் தம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த சபையை அப்போது இழந்தன. 1988 முதல் பிரதேச சபைகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றுக்கான முதல் தேர்தல் 1991இல். முன்பு தனித்தனியாக இருந்த ஊர்கள் பல ஒரே பிரதேச சபைக்குள் அடக்கப்பட்டன. வத்தளைப் பிரதேச சபையில் நெருக்கமான குடியிருப்புகளும் கடலோர மீனவக் கிராமங்களும் முத்துராஜவெல சதுப்பு நிலத்தின் ஓரங்களும் ஒரே மேசையைச் சுற்றி உட்காருகின்றன. சோலைவரி கட்டும் தெருக்காரர் வடிகால் கேட்கிறார், கரையோரத்தவர் கடலரிப்புக்குக் கல் கேட்கிறார். இரண்டும் நியாயமான கோரிக்கைகள். இரண்டுக்கும் போதுமான வருமானம் கொழும்பு மாநகர சபையைப் போல ஒரு பிரதேச சபைக்குக் கிடைப்பதில்லை.

நகரம் தனக்கு வேண்டாததை ஆற்றுக்கு அப்பால் அனுப்பும் வழக்கம் இந்தச் சட்டங்களுக்கெல்லாம் முந்தியது. ஒல்லாந்தர் 1708இல் தொழுநோய் மருத்துவமனைக்குத் தேர்ந்தெடுத்த இடம் ஹெந்தளைதான். நம் காலத்தில் அப்படி வெளியே அனுப்பப்படுவது குப்பை. கொழும்பின் குப்பை முதலில் நகருக்குள்ளேயே, கொட்டாஞ்சேனையை அடுத்த புளூமென்டாலில் மலையாகக் குவிந்தது. அதன் நாற்றத்தைச் சகித்தவர்கள் வடகொழும்பின் ஏழைகள். ஆனால் அவர்கள் மாநகர வாக்காளர்கள். 2009இல் அந்தக் குப்பை மாநகர எல்லைக்கு வெளியே, கொலன்னாவைப் பக்கத்து மீதொட்டமுல்லவுக்கு மாறியது. தற்காலிகமாக 2 ஏக்கரில் தொடங்கிய மேடு ஏறத்தாழ 20 ஏக்கருக்குப் பரவியது. நாளொன்றுக்குச் சுமார் 800 தொன் குப்பை அங்கே கொட்டப்பட்டது. அயலில் இருந்தவர்கள் ஊர்வலம் போனார்கள், மறித்தார்கள், வழக்காடினார்கள். குப்பையை அனுப்பிய சபையில் அவர்களுக்கு ஒரு வாக்கும் இல்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று மேடு சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் இறந்தனர்.

அடுத்த சில நாட்களில் கழிவகற்றல் அத்தியாவசிய சேவையாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதற்கு இடையூறு செய்வது குற்றமாயிற்று. குப்பை லொறிகள் வேறு இடங்களைத் தேடின. முத்துராஜவெலவுக்கு வந்தபோது அங்குள்ள மக்கள் எதிர்த்து நின்றார்கள். இத்தனை பேரைப் பலிகொண்ட பிறகு புறநகர் மக்களின் எதிர்ப்புக்குக் காது கொடுத்திருக்க வேண்டிய அரசு, எதிர்ப்பைக் குற்றமாக்கியதை நியாயப்படுத்த முடியாது. கொழும்பின் குப்பை ஹெந்தளைக்கு அருகிலுள்ள கெரவலப்பிட்டிய கூட்டுரத் தளத்துக்கு வரத் தொடங்கியது. 2021 பெப்ரவரியில் அங்கேயே குப்பையை எரித்து 10 மெகாவாற் மின்சாரம் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. திறந்த மேட்டைவிட இது நிச்சயமாக மேல். ஆனாலும் லொறி வரும் பாதையும் சாம்பலும் வடகரைக்கே உரியவை. மீதிக் குப்பைக்காகச் சுமார் 170 கிலோமீற்றர் தொலைவில், புத்தளத்தின் அருவக்காட்டில் நிலநிரப்பிடம் அமைந்தது. அதை எதிர்த்து 2018இல் புத்தளம் மக்கள், முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் சேர்ந்து, மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள்.

சட்டத்தின்படி ஒரு சபை சேகரிக்கும் குப்பை அந்தச் சபையின் சொத்து. அதை அகற்றுவதும் அதன் கடமை. அந்தச் சொத்து இன்னொரு சபையின் எல்லைக்குள் போய் இறங்கும்போது, அங்கு வாழ்வோருக்கு அனுப்பும் சபையில் பேச இடம் தரும் ஏற்பாடு உள்ளூராட்சிச் சட்டங்களில் இல்லை. 2017இல் தேர்தல் முறை திருத்தப்பட்டு, 60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம் என்றானது. 2018 பெப்ரவரி 10இல் அந்த முறையில் முதல் தேர்தல் நடந்தது. வட்டார உறுப்பினரைத் தெருவில் மறித்துக் கேட்கலாம் என்ற வசதி திரும்பி வந்தது. ஆனால் எந்த வட்டாரமும் ஆற்றைக் கடக்கவில்லை. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. நிதியில்லை என்று தேர்தல் தள்ளிப்போனதால், ஈராண்டுக்கு மேல் முறைப்பாடு சொல்ல உறுப்பினரே இல்லாத நிலை ஏற்பட்டது. அந்தத் தாமதம் மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என 2024 ஓகஸ்ட்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல் நடந்த தேர்தலில் கொழும்பு மாநகர சபைக்கு 117 உறுப்பினர்கள் தெரிவாயினர். அதே நாளில் ஹெந்தளை வாக்காளர்கள் வத்தளைப் பிரதேச சபைக்கு வாக்களித்தனர்.