போடி மலை ஜீப்பின் பூர்வீகம்

போடிநாயக்கனூரில் ஒரு பழைய ஜீப்பைக் காட்டி "இது எந்தக் காலத்து வண்டி?" என்று கேட்டுப் பாருங்கள். "சண்டைக்குப் போன வில்லிஸ், வெள்ளைக்காரன் காலத்து வண்டி" என்று பெருமையாகப் பதில் வரலாம். சொல்பவர் பொய் சொல்லவில்லை. அப்படிச் சொல்லித்தான் அவருக்கு விற்றிருப்பார்கள் :-)

போடிக்கும் ஜீப்புக்கும் உள்ள உறவு பிழைப்பு சம்பந்தப்பட்டது. முந்தலைத் தாண்டினால் மலை ஏற்றம், போடிமெட்டு வரை கொண்டை ஊசி வளைவுகள். அதற்கு மேல் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று ஏலத்தோட்டங்கள். தார் ரோட்டில் பஸ் போகும். தோட்டத்துக்குள் இருக்கும் கல்லும் சேறுமான பாதையில் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் போகும். விடியும் முன்னே வேலையாட்களை மேலே ஏற்றிப் போவதும், ஏலக்காய் மூட்டையைக் கீழே இறக்குவதும் ஜீப்தான். இதற்கெல்லாம் முன்னால் தலைச்சுமையும் கழுதையும்தான்.

சரி, ஜீப் எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேல் ஜீப் செய்தார்கள். வில்லிஸ் கம்பெனி செய்தது எம்.பி. மாடல், ஃபோர்டு செய்தது ஜி.பி.டபிள்யூ. இரண்டும் ஒரே வரைபடம். பர்மா போர்முனைக்காக இந்தியாவுக்கு வந்தவற்றில் மிஞ்சியதைப் போர் முடிந்ததும் உபரிச் சரக்காக விற்றார்கள். இது ஒரு வழி. இன்னொரு வழி மஹிந்திரா. 1947ல் 75 ஜீப்புகளை உதிரியாக இறக்குமதி செய்தது, பிறகு பம்பாய் மஸகானில் பூட்ட ஆரம்பித்து, கடைசியில் இங்கேயே தயாரித்தது. நம் ஊர்களில் ஓடிய ஜீப்புகளில் பெரும்பகுதி இந்த வழியில் வந்ததுதான்.

எது எந்த வழி என்று கண்டுபிடிப்பதில்தான் சுவாரசியம். முன்பக்க கிரில்லில் துளைகளை எண்ண வேண்டும். போர்க்கால வண்டிக்கு ஒன்பது, சிவில் வண்டிக்கு ஏழு. பானெட்டின் பக்கவாட்டில் 'வில்லிஸ்' என்று புடைத்த எழுத்து இருந்தால் அதைத்தான் எல்லோரும் சாட்சியாகக் காட்டுவார்கள். உண்மையில் அது எதிர்சாட்சி! போர் வண்டியின் பானெட்டில் அந்த எழுத்து கிடையாது, அது 1945க்குப் பிறகு வந்த சிவில் வண்டிகளின் அடையாளம். பானெட் ரொம்ப உயரமாக இருந்தால் சி.ஜே.3பி. அதன் ஹரிகேன் எஞ்சின் உயரம் அதிகம், மூடி போட இடம் வேண்டுமே. அந்த மாடலை அமெரிக்காவில் 1968ல் நிறுத்திய பிறகும் மஹிந்திரா விடவில்லை.

ஆனால் கிரில்லையும் பானெட்டையும் கழற்றி மாட்டிவிடலாம். கையுறைப் பெட்டி மூடியில் இருக்கும் தகடும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அதனால் வண்டிக்கு அடியில்தான் படுக்க வேண்டும். ரேடியேட்டருக்குக் கீழே சேஸின் குறுக்குச் சட்டம் உருளையான குழாயாக இருந்தால் வில்லிஸ், சதுரக் கட்டாக இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு இன்னும் ஒரு காரியம் செய்தது. தன் போல்ட் தலையில் எல்லாம் 'எஃப்' என்று பொறித்து வைத்தது. எண்பது வருஷத் துருவைச் சுரண்டினால் அந்த எழுத்து தெரியும் என்பது ஆச்சரியம்தான்.

அடுத்தது ஆர்.சி. புத்தகம். பழைய எண் எம்.டி.யூ. என்று தொடங்கினால் மதுரை மாவட்டம். போடி அப்போது அதில்தான் இருந்தது, தேனி மாவட்டம் பிரிந்தது 1996ல். கே.எல்.கே. என்றால் கோட்டயம். இடுக்கி 1972ல் உருவாகும் வரை மேலே இருக்கும் தோட்டங்கள் கோட்டயத்தோடு இருந்தன. ஆக, எண்ணை வைத்து வண்டி மலைக்கு மேலே வாங்கியதா கீழே வாங்கியதா என்று ஊகிக்கலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: ராணுவத்தில் ஓடிக் கழித்து ஏலத்தில் வந்த வண்டிக்குப் பதிவான வருஷம் வேறு, செய்த வருஷம் வேறு.

இவ்வளவும் ஏன் முக்கியம்? 2021ல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டினால் 'வி.ஏ.' என்ற எழுத்தோடு எண் கிடைக்கும், வாடகைக்கு ஓட்டக் கூடாது.

இப்போது ஒரு மலை ஜீப்பை நினைத்துப் பாருங்கள். பெட்ரோல் கட்டுப்படியாகாமல் டீசல் எஞ்சின் மாற்றியாயிற்று. ஆள் ஏற்றப் பின்பக்கத்தை நீட்டியாயிற்று. துருப்பிடித்த தரையை வெட்டிப் புதுத் தகடு வைத்தாயிற்று. கணக்குப் புத்தகத்தில் தேய்மானம் போட்டுப் போட்டு மதிப்பு எப்போதோ ஒன்றுமில்லாமல் ஆகியிருக்கும். உழைக்காமல் பங்களா ஷெட்டில் தூங்கிய வண்டிக்குப் பாரம்பரியப் பட்டம் எளிது. ஏலக்காயும் ஆளும் சுமந்த வண்டிக்கு, அந்தச் சுமைக்காகச் செய்த மாற்றமே தகுதியைப் பறித்துவிடுகிறது. பாடி, எஞ்சின், பானெட் எல்லாம் மாறிய அந்த வண்டியில் பழசு என்று மிஞ்சுவது பெரும்பாலும் சேஸ் மட்டும்தான். அதிலும் முன் குறுக்குச் சட்டத்தை யாராவது வெல்டிங் வைக்காமல் விட்டிருந்தால்!