கண் அளவும் கருவி அளவும்: காரைக்காலை முன்வைத்துப் பச்சிளங்குழந்தை மஞ்சள் காமாலை பற்றிய ஆய்வு

காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954 நவம்பர் 1இல் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. நிலத்தில் சுற்றிலும் தமிழக மாவட்டங்கள். ஆட்சித் தலைநகரான புதுச்சேரியோ ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கே. 1823இல் பிரெஞ்சு ஆட்சி தொடங்கிய மருத்துவப் பள்ளியும், அதன் வழிவந்து 1964இல் ஜிப்மர் எனப் பெயர்பெற்ற நிறுவனமும் அங்கேயே அமைந்தன. மணிக்கணக்கில் முற்றும் நோய்க்கு இத்தொலைவு பெரிது. பச்சிளங்குழந்தைக் காமாலை குறித்த அறிவு, நிறத்தைப் பார்ப்பதிலிருந்து நேரத்தோடு அளப்பதற்கு வளர்ந்தது. அந்த அளவு பிறந்த ஊரிலேயே கிடைத்தால்தான் அறிவுக்குப் பயனுண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்.

காரணத்தைத் தேடிய காலம்

சிவப்பணுக்கள் சிதையும்போது உண்டாகும் பிலிருபினைப் பிறந்த குழந்தையின் முதிராத கல்லீரலால் விரைந்து வெளியேற்ற முடிவதில்லை. நிறைமாதக் குழந்தைகளில் ஏறத்தாழ 60 சதவீதத்தினருக்கு முதல் வாரத்தில் மஞ்சள் தெரிகிறது. பெரும்பாலும் தானே மறைகிறது. ஆனால் அளவு மீறினால் மூளையில் படிந்து, செவித்திறனையும் உடலசைவையும் நிரந்தரமாகப் பாதிக்கும். இப்படிவை 1875இல் ஓர்த் விவரித்தார். 1904இல் ஷ்மோர்ல் ‘கெர்னிக்டெரஸ்’ எனப் பெயரிட்டார். 1940இல் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ஆர்எச் காரணியை அறிவித்தபின், தாய்–சேய் இரத்தப் பொருத்தமின்மையால் வரும் கடுங்காமாலைக்கு விளக்கம் கிடைத்தது. குழந்தையின் இரத்தத்தை மாற்றிச் செலுத்தும் சிகிச்சையும் பரவியது.

ஒளி மருந்தானது

1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில், குறைமாதக் குழந்தையின் தோலில் வெயில் பட்ட இடம் வெளுத்தும் துணி மறைத்த இடம் மஞ்சளாகவும் இருப்பதைச் செவிலியர் ஜீன் வார்டு கவனித்தார். கிரெமரும் உடன் ஆய்ந்தவர்களும் 1958இல் இதன் அடிப்படையை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். ஏறத்தாழ 460 முதல் 490 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி, பிலிருபினின் வடிவை மாற்றி எளிதில் வெளியேறச் செய்கிறது.

நம் வீடுகளில் குழந்தையை இளவெயிலில் காட்டும் வழக்கத்துக்கும் இந்த அறிவியலுக்கும் தொடர்புண்டு. ஆயினும் வெயிலின் அளவைக் கட்டுப்படுத்த முடியாது. குழந்தைக்குச் சூடும் தோல் எரிச்சலும் நேரலாம். எனவே அது சிகிச்சைக்கு மாற்றாகாது. சீம்பாலைத் தவிர்த்துச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவதும் தீங்கே: பால் குறைந்தால் மலம் குறையும், பிலிருபின் குடலிலிருந்து மீண்டும் இரத்தத்தில் சேரும்.

மணியோடு அளக்கும் முறை

காமாலை முகத்தில் தொடங்கிக் கால்வரை இறங்குவதை 1969இல் கிரேமர் என்னும் வேறோர் ஆய்வாளர் பதிவு செய்தார். ஆனால் மாநிறத் தோலில் கண் ஏமாறும். 1999இல் வினோத் பூட்டானியும் குழுவினரும் பிலிருபின் அளவைக் குழந்தையின் வயதோடு, மணிவாரியாகப் பொருத்தும் வரைபடத்தை அளித்தனர். ஒரே அளவு 20ஆம் மணியில் ஆபத்தாகவும் 90ஆம் மணியில் இயல்பாகவும் இருக்கலாம். முதல் 24 மணிக்குள் மஞ்சள் தெரிந்தால் உடனே சோதிக்க வேண்டும் என்பது இன்றைய விதி.

காரைக்காலுக்கு உரியது

2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம், நோயுற்ற குழந்தைக்கு 30 நாள்வரை அரசு மருத்துவமனையில் இலவசச் சிகிச்சையையும் வாகன வசதியையும் உறுதிசெய்தது. 2016இல் காரைக்காலிலேயே ஜிப்மர் கிளை தொடங்கியது. ஆனால் பிலிருபின் உச்சம் தொடுவது மூன்றாம் முதல் ஐந்தாம் நாளில். அப்போது பல தாய்மார் வீடு திரும்பியிருப்பர். ஆகவே வீடு திரும்புமுன் ஓர் அளவீடும், மூன்றாம் நாளில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளரின் வருகையும் ஒவ்வொரு குழந்தைக்கும் கட்டாயமாக வேண்டும். சிகிச்சை எளியது, நேரத்தில் அறிவதே அரியது.